துக்க வீட்டுக்கு நின்ற பஸ்

காலை ஏழரை மணி இருக்கும். நாகமலை புதுக்கோட்டையில் நான் தங்கியிருந்த அறைக்கு எதிரே ஒரு டீக்கடை. முதல் கிளாஸை வாங்கி, மேலே படிந்த ஆடையை விரலால் ஒதுக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. காசிம் பாய். கோரிப்பாளையத்தில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருப்பவர். படிக்க வருவதற்கு முன் ஆறு வருடம் எனக்குச் சோறு போட்ட கடை அது.

"டேய் செல்வம், அந்தம்மா எப்படா தவறுச்சு?"

"எந்தம்மா பாய்?"

"நேத்து நான் இல்லாதப்ப வந்து நம்ம மெஷின்ல அடிச்சிட்டுப் போனியாமே, அந்தம்மாதான். மாட்டுத்தாவணியில ஒட்டியிருக்காம். என் மச்சான் பாத்துட்டு, 'என்ன பாய், உங்க கடை ஆளு தேதி போட மறந்துட்டானே'ங்கிறான். தோற்றம், மறைவு எதுவுமே இல்லையாம்ல? யாருடா, உங்க சொந்தமா?"

கிளாஸ் கையைச் சுட்டது. அந்தம்மா சாகவில்லை. இரண்டு நாள் முன்புதான் எனக்கு மோர் கரைத்துக் கொடுத்தார். பெயர் பாண்டியம்மா. அவருடைய வேலை பறிபோகாமல் இருக்க வேண்டும் என்பதற்காக நானே வடிவமைத்து, நானே அச்சடித்து, நானே பசை தடவி ஒட்டிய போஸ்டர் அது.

பாய் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். எனக்குக் காதில் ஏறவில்லை. என்ன செய்து வைத்திருக்கிறேன் என்று அந்த நொடியே புரிந்துவிட்டது. ஊரில் வேறு எவனுக்குப் புரியாவிட்டாலும் எனக்குப் புரிந்திருக்க வேண்டும், அதுவும் முந்தின நாளே.

கோட்டு மாட்டிவிட்டவன்

போன இதழில் நான் காசிம் பாய் கடையை விட்டு வந்ததை எழுதியிருந்தேன். "நல்லாப் போன தொழில விட்டுட்டு என்னத்தையோ படிக்கப் போனானாம்" என்று எங்கள் ஊர்க்காரர்களே திட்டினார்கள். அந்தத் தொழில் எப்படிப்பட்டது என்று சொன்னால்தான் நான் செய்த தப்பின் அளவு தெரியும்.

மதுரையில் காது குத்தினால் ஃப்ளெக்ஸ், வயதுக்கு வந்தால் ஃப்ளெக்ஸ், மாப்பிள்ளை அழைத்தால் ஃப்ளெக்ஸ், போய்ச் சேர்ந்தாலும் விடுவதில்லை. எல்லாவற்றுக்கும் எங்கள் கடையில் ஆள் வரும். கல்யாணக்காரர்கள் சத்தமாகப் படியேறுவார்கள். "அண்ணே, மாப்ள பின்னால சிங்கம் ஒண்ணு நிக்கட்டும்ணே" என்பார்கள். துக்க வீட்டுக்காரர்கள் செருப்பைக்கூட வெளியே விட்டுவிட்டு வருவார்கள். கையில் ஒரு ரேஷன் கார்டோ வாக்காளர் அட்டையோ இருக்கும். பல பேருக்கு வாழ்நாளில் எடுத்த ஒரே படம் அதில்தான் இருக்கும்.

அந்தத் தபால்தலை அளவு முகத்தைப் பெரிதாக்கி, கண்ணைத் திறந்து, மூக்கைத் திருத்தி, உடம்புக்கு ஒரு கோட்டு மாட்டிவிடுவேன். கோட்டையே கண்ணில் பார்த்திராத எத்தனையோ பெரியவர்களுக்கு நான் கோட்டு போட்டிருக்கிறேன். பிறகு கலரை எடுத்துவிடுவேன்.

எங்கள் கடையின் எழுதாத சட்டம் அது. உயிரோடு இருப்பவருக்குக் கலர். தவறியவருக்குக் கறுப்பு வெள்ளை. கட்டம் கட்டிய எழுத்து, தேதி எல்லாம் அப்புறம். ஓடுகிற பஸ்ஸிலிருந்து பார்க்கிறவன் எழுத்தையா படிக்கிறான்? நிறத்தைப் பார்த்து உச்சுக் கொட்டிவிட்டுப் போய்விடுவான்.

ஒரு முறை புருஷனைப் பறிகொடுத்த ஒரு பெண் வந்தார். "எங்க வீட்டுக்காரருக்குக் கலரே இருக்கட்டும்ணே, சட்ட நல்லா இருக்குல்ல" என்று கேட்டார். நானும் விட்டுவிட்டேன். பத்து நிமிடத்தில் அவருடைய கொழுந்தனார் வந்து சத்தம் போட்டார். "ஏண்ணே, பொறந்த நாளுன்னு ஊரு நெனச்சுக்கிறவா?" என்றார். மாற்றிக் கொடுத்தோம். அந்தப் பெண் கறுப்பு வெள்ளையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இம்புட்டும் தெரிந்தவன் நான். என் பிழைப்பே அதுதான்.

சமூகத்தை மாற்றும் படிப்பு

இருபத்தொன்பது வயதில் முதுகலை சேர்ந்தேன். நாகமலை புதுக்கோட்டையைத் தாண்டி ஒரு கல்லூரி, பெயர் வேண்டாம். படிப்பின் பெயர் ஊடகமும் சமூக மாற்றப் பரப்புரையும். உசிலம்பட்டிப் பக்கம் தோட்டத்தில் நின்ற என் அப்பாவிடம் போய்ச் சொன்னேன்.

"படிச்சு முடிச்சா என்னடா வேலை?"

"சமூகத்த மாத்துறதுப்பா."

மோட்டாரை அணைத்துவிட்டு வந்து மறுபடி கேட்டார். மறுபடியும் அதையே சொன்னேன். "எந்த ஆபீசுல?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போது யோசித்தால் கேள்வி சரிதான்.

வகுப்பில் நான்தான் மூத்தவன். எல்லோரும் என்னை அண்ணே என்றார்கள். ஹேமா என்று ஒரு பெண், என் புராஜெக்ட் கூட்டாளி. கேமராவை எடுத்தால் சோறு தண்ணி மறந்துவிடுவாள். அவளிடம் ஒரு பெரிய புகைப்படப் புத்தகம் இருந்தது. உள்ளே இருந்ததெல்லாம் கறுப்பு வெள்ளை முகங்கள். சுருக்கம் விழுந்த, கண் கலங்கிய, அழகான முகங்கள். பக்கத்தைப் புரட்டப் புரட்ட எனக்கு என் ஆறு வருட வேலை மீது வெட்கம் வந்தது. சிங்கமும் ரோஜாப்பூவும் வானவில்லும் போட்டுப் போட்டு என் கண்ணே கெட்டுப்போச்சு என்று நினைத்தேன்.

எங்கள் மேடம் நல்ல ஆசிரியர். முதல் வாரமே சொன்னார். "ஒண்ணு செய்யறதுக்கு முன்னாடி, அத யார் பார்ப்பாங்க, எங்க நின்னு பார்ப்பாங்கன்னு கேளுங்க." நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டேன். அதோடு சரி. இடம் விட்டு வடிவமைப்பது, எழுத்தைக் குறைப்பது, நிறத்தைக் குறைப்பது பற்றியும் அவர் பேசினார். எனக்கு வேண்டியதை மட்டும் பிடித்துக்கொண்டேன். பார்த்ததும் இது படித்தவன் வேலை என்று தெரிய வேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.

ஐந்து நாற்பது வண்டி

கடைசிப் பருவத்தில் ஒவ்வொரு குழுவும் நிஜமான ஒரு பிரச்சினையை எடுத்து, நிஜமாகவே ஒரு பரப்புரை நடத்த வேண்டும். திருவாதவூர் போகிற வழியில் ஒரு ஊர் எங்களுக்குக் கிடைத்தது. ஊரின் பெயரையும் சொல்லப் போவதில்லை.

ஊருக்கு ஒரு பஸ் நிறுத்தம். ஊரைத் தாண்டி ஒன்றரை கிலோமீட்டரில் காலனிக்கு ஒரு நிறுத்தம். காகிதத்தில் இரண்டும் உண்டு. பலகைகூட நட்டிருந்தார்கள். ஆனால் காலனி நிறுத்தத்தில் டவுன் பஸ் நிற்காது. டவுன் பஸ்ஸில் மகளிருக்குக் கட்டணம் இல்லை என்று ஆன பிறகு அங்கே நிற்கிற பெண்களைப் பார்த்தால் டிரைவர் இன்னும் கொஞ்சம் மிதிக்கிறார் என்றார்கள்.

எங்கள் ஊரிலும் ஒரு காலனி உண்டு. அதன் முன்னால் பஸ் நின்றதா என்று நான் யோசித்ததே கிடையாது. நாங்கள் ஏறுகிற இடத்தில் நின்றது, அதனால் யோசிக்க வேண்டி வரவில்லை.

பாண்டியம்மா அக்காவை அங்கேதான் பார்த்தோம். நாற்பதைத் தாண்டியவர். கணவர் இல்லை. மகன் கார்த்தி திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்தான். அக்கா மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் துப்புரவுப் பணி. நீலச் சேலை, கழுத்தில் அடையாள அட்டை. அந்த அட்டையைப் பையில் போடாமல் மாட்டிக்கொண்டேதான் வீட்டிலிருந்து கிளம்புவார்.

"எங்கம்மா, அவுகம்மா எல்லாம் அடுத்தவுக காட்டுல குனிஞ்சவுகதேன். எங்க வம்சத்துல கழுத்துல அட்ட மாட்டுன மொத ஆளு நாந்தேன் தம்பி" என்றார்.

காலை ஐந்து நாற்பது வண்டி. காலனியில் நிற்காது என்பதால் இருட்டோடு இருட்டாக ஊர் நிறுத்தத்துக்கு நடப்பார். மழை நாளில் பிந்திவிடும். அப்படிச் சில தடவை ஆனதும் சூப்பர்வைசர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இன்னொரு தரம் நேரத்துக்கு வரவில்லை என்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று.

"பஸ்ஸு மட்டும் இங்கன நின்டுச்சுன்னா போதும் தம்பி. மத்ததெல்லாம் நான் பாத்துக்குவேன்."

நிற்க வைத்துவிடலாம்க்கா என்று சொன்னோம். வகுப்பில் கற்றுக்கொண்ட எல்லாச் சொற்களும் எனக்கு அப்போது கைவசம் இருந்தன.

கிளிப்பச்சைச் சேலை

பரப்புரைக்கு ஒரு முகம் வேண்டும் என்றேன் நான். அக்காவைக் கேட்டோம். ஒரு நாள் யோசித்து, மகனிடமும் கேட்டுவிட்டு, சரி என்றார். படம் எடுக்கிற அன்று கிளிப்பச்சையில் அரக்கு பார்டர் வைத்த பட்டுச் சேலை கட்டி, பூ வைத்து, முகத்துக்குப் பவுடர் போட்டு வந்து நின்றார். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. கஷ்டப்படுகிற பெண் என்று தெரிய வேண்டாமா? பூவை எடுக்கச் சொன்னேன். பவுடரைத் துடைக்கச் சொன்னேன். பலகைக்குப் பக்கத்தில் நிறுத்தி, சிரிக்காமல் ரோட்டைப் பார்க்கச் சொன்னேன்.

படத்தைப் போனில் கறுப்பு வெள்ளையாக்கிக் காட்டினேன். அக்கா கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கலர்ல போட மாட்டியா தம்பி? நல்ல சேலையாத்தான கட்டியாந்தேன்."

"கலர் இருந்தா கண்ணு சேலைக்குப் போயிரும்க்கா. இதுதான் மனசுல நிக்கும்."

"படிச்சவுக சொன்னா சரியாத்தேன் இருக்கும்" என்றார். அவர் முகம் வாடியதை நான் பார்த்தேன். பார்த்தும் பாடம் நடத்தினேன். இதை எழுதும்போதுகூட என்னை நாலு சாத்து சாத்தலாம் போல இருக்கிறது.

போஸ்டர் முழுக்க அவர் முகம். கீழே ஒரு மூலையில் சின்ன எழுத்தில் 'இங்கே பேருந்து நிற்க வேண்டும்'. சுற்றிலும் வெள்ளை. மறுநாள் மாலை மாட்டுத்தாவணியிலிருந்து ஒத்தக்கடை வழியாக ஊர் நிறுத்தம் வரை நானும் ஹேமாவும் ஒட்டிக்கொண்டே போனோம். வாட்ஸ்அப்பிலும் போட்டோம். அறைக்கு வந்து நிம்மதியாகத் தூங்கினேன்.

பாதியில் நின்ற ஒப்பாரி

அதற்குப் பிறகுதான் அந்த டீக்கடைப் போன். ஹேமாவைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு நான் பறந்த பறப்பில் கோரிப்பாளையம் சிக்னலைக்கூடக் கவனிக்கவில்லை.

போய்ச் சேர்ந்தபோது ஒன்பது மணி ஆகப் போகிறது. காலனி பலகைக்குக் கீழே அக்கா நின்றுகொண்டிருந்தார். நீலச் சேலை, கழுத்தில் அட்டை. வேலைக்குப் போகவில்லை.

விடிகாலையில் ஊர் நிறுத்தத்துக்குப் போனவர், சுவரில் தன்னையே பார்த்திருக்கிறார். அங்கே நின்ற ஒரு அம்மா இவரைப் பார்த்து அலறியிருக்கிறார். அதற்குள் சொந்தக்காரர்கள் போன். எல்லோரிடமும் "நாந்தேன், நல்லாத்தேன் இருக்கேன்" என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார். மகனுடைய போன் மட்டும் கிடைக்கவில்லை. வாட்ஸ்அப்பில் யாரோ 'ஆழ்ந்த இரங்கல்' என்று சேர்த்து அனுப்பிய படத்தைப் பார்த்தவன் திருப்பூரிலிருந்து கிளம்பிவிட்டான், வழியில் போன் அணைந்துவிட்டது என்று அவன் கூட்டாளி சொன்னானாம்.

"அவன் வந்து எறங்குறப்ப நான் கண்ணு முன்னால நிக்கலன்னா என்ன தம்பி நெனப்பான்? அதேன் திரும்பிட்டேன்."

ஆஸ்பத்திரிக்குச் சொன்னீங்களா என்று கேட்டேன். சூப்பர்வைசரைக் கூப்பிட்டிருக்கிறார். அவருக்கும் வாட்ஸ்அப்பில் செய்தி போயிருக்கிறது. "சார், நான் பாண்டியம்மா பேசுறேன்" என்று இவர் சொல்ல, "பாண்டியம்மா மகளாம்மா? தைரியமா இருங்க" என்று சொல்லி அவர் வைத்துவிட்டாராம். மறுபடி அடித்தால் எடுக்கவில்லையாம். இதைச் சொல்லும்போது அக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எங்களுக்கு வரவில்லை.

அப்போதுதான் மதுரையிலிருந்து டவுன் பஸ் வந்தது. தூரத்திலேயே வேகம் குறைந்தது. காலனிப் பலகைக்கு நேராக, ஒரு முழம் முன்பின் இல்லாமல் நின்றது.

மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒத்தக்கடை வந்து இந்த வண்டியில் ஏறியிருந்தார்கள் அக்காவின் பிறந்த வீட்டார். போனில் சொன்னது இவர்களை எட்டவில்லை. முன்னால் இறங்கியவர் அண்ணன். ஏதோ மனத்தாங்கலில் ரொம்ப காலமாகத் தங்கச்சி வாசலை மிதிக்காதவர். ஒரு கையில் ரோஜா மாலை, இன்னொரு கையில் மஞ்சள் பையில் கோடிச் சேலை. செத்த பெண்ணுக்குப் பிறந்த வீடு கொண்டுவருகிற புதுச் சேலை. பின்னாலேயே ஏழெட்டுப் பெண்கள். ஒரு கிழவி படியில் தடுமாற, கண்டக்டர் கைபிடித்து இறக்கிவிட்டார். "மெதுவா எறங்குங்கம்மா, துக்க வீடு, வண்டி நிக்கும்" என்றார். கால் தரையில் பட்டதும் பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரியை எடுத்தார்கள். எடுத்த வேகத்தில் அக்காவைப் பார்த்தார்கள்.

முதல் அடியிலேயே ஒப்பாரி நின்றுபோனது. அண்ணன் மாலையோடு அப்படியே ரோட்டோரம் உட்கார்ந்து தேம்பினார். "பாவி மகளே, உசுரோடவா இருக்க" என்று அவர் சொன்ன விதத்தில் எனக்கே கண் நிறைந்துவிட்டது.

அக்கா அவரிடம் போகவில்லை. நேராக டிரைவர் ஜன்னலுக்குக் கீழே போய், தகரத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினார்.

"அண்ணே, எறங்கிப் பாருங்க. செத்தவ நாந்தேன்."

டிரைவர் விழித்தார்.

"செத்துப்போனேன்னு சொன்னதும் நிப்பாட்டிட்டீகள்ல? எட்டு மாசமா இதே எடத்துல உசுரோட நின்டு கை காட்டுனேனே, அப்ப ஏண்ணே நிப்பாட்டல?"

"துக்க வீடுன்னு சொன்னாங்கம்மா…"

"அப்ப நாங்க ஏறணும்னா தெனமும் ஒருத்தி சாகணுமாக்கும்."

டிரைவர் ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஹேமாவின் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்குள் ஒரு குதூகலம். கிடைச்சிருச்சு, இதுதான் நம்ம பரப்புரை என்று மனசு கணக்குப் போட்டது.

அக்கா திரும்பி வந்து அண்ணன் கையிலிருந்த மஞ்சள் பையை வாங்கிப் பிரித்தார். "எனக்குத்தான எடுத்தீக? குடுங்க, தீவாளிக்குக் கட்டிக்கிறேன்" என்றார். கூட வந்த பெண்கள் கோடிச் சேலையை உயிரோடு இருப்பவள் கட்டக்கூடாது என்று பதறினார்கள். அவர் கொடுக்கவில்லை.

கார்த்தி வந்தது அதற்குப் பிறகு. ஆட்டோவிலிருந்து இறங்கினான். அம்மாவைப் பார்த்தான். நின்ற இடத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான். அக்கா ஓடிப்போய் சொம்புத் தண்ணீரை அவன் வாயில் வைத்தார். பாதி சட்டையில் கொட்டியது. கொஞ்ச நேரம் கழித்து என்னைப் பார்த்தான். இருபத்திரண்டு வயசுப் பையன், குரல் உயர்த்தவே இல்லை.

"ஏண்ணே, உங்க படிப்புக்கு எங்கம்மா செத்துப் பாக்கணுமா?"



வாரேன்க்கா

போஸ்டர்களை மதியத்துக்குள் கிழித்து முடித்தோம். ஆனால் ஹேமா எடுத்து வாட்ஸ்அப்பில் போட்ட வீடியோ அதற்குள் போன் போனாகப் பரவிவிட்டது. கிளம்பும்போது அக்கா கூப்பிட்டார்.

"தம்பி, நாளைக்கிக் காலையில ஆஸ்பத்திரிக்கு வந்து ஒரு வார்த்த சொல்லணும். லீவுக்காக நானே கத கட்டுனேன்னு சூப்பர்வைசரு நெனச்சுருவாரு. போஸ்டரு நாங்க ஒட்டுனதுதேன், இந்தம்மா மேல தப்பு இல்லன்னு நீ சொன்னாப் போதும்."

"கண்டிப்பா வாரேன்க்கா" என்றேன்.

மறுநாள் விடிந்ததும் டிப்போவிலிருந்து அழைப்பு. அதிகாரி பேச வரச் சொல்கிறார், உள்ளூர் சேனல்காரர்களும் வருகிறார்கள் என்றாள் ஹேமா. அவளை மட்டும் அனுப்பியிருக்கலாம். பேச்சில் அவள் என்னைவிடக் கெட்டிக்காரி. ஆனால் நான் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். முதலில் டிப்போ, அப்புறம் ஆஸ்பத்திரி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

டிப்போவில் பேச்சு நல்லபடி முடிந்தது. இனி எல்லா வண்டியும் காலனியில் நிற்கும் என்று அதிகாரி கேமரா முன்னால் சொன்னார். நானும் நாலு வார்த்தை பேசினேன். வெளியே வந்து போனைப் பார்த்தால் மதியம் ஆகியிருந்தது. அக்காவைக் கூப்பிட்டேன்.

"போயிட்டு வந்துட்டேன் தம்பி. ஆள் போட்டுட்டாகளாம். பரவால்ல, விடு" என்றார். ஒரு குற்றச்சாட்டு இல்லை. அது எனக்கு வசதியாகவும் இருந்தது.

மேடம் கேட்டது

வைவா அன்று எங்கள் அறிக்கையில் 'விளைவு' என்ற தலைப்பின் கீழ் ஒரே வரிதான் இருந்தது. பேருந்து நிற்கிறது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் பாராட்டினார். துக்க வீட்டுக்கு நின்ற பஸ்ஸின் வீடியோவை மறுபடி போடச் சொல்லிப் பார்த்தார். மேடம் கடைசியாகத்தான் வாய் திறந்தார்.

"செல்வம், அந்தம்மா இப்ப நேரத்துக்கு வேலைக்குப் போறாங்களா?"

"போறாங்க மேடம்."

ஹேமா சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தாள். அவளும் ஒன்றும் சொல்லவில்லை. எங்களுக்கு நல்ல மதிப்பெண் போட்டார்கள்.

ரிசல்ட் வந்த வாரம் ஜிலேபி வாங்கிக்கொண்டு போனேன். பைக் எடுக்கவில்லை, பஸ்ஸிலேயே போனேன். "காலனி எறங்கு" என்று கண்டக்டர் குரல் கொடுத்தார், வண்டி நின்றது. உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது. வீட்டில் அக்கா இல்லை. ரோட்டை ஒட்டிய வயலில் களை எடுத்துக்கொண்டிருந்தார். வேறொருவர் வயல். என்னைப் பார்த்ததும் கரையேறி வந்தார். கழுத்தில் அட்டை இல்லை.

"பாசாயிட்டியா தம்பி?"

"பாசாயிட்டேன்க்கா."

கையில் சேறு என்பதால் ஜிலேபியை நானே பிட்டு வாயில் போட்டேன். மென்றுகொண்டே கேட்டார். "என்னயப் பத்திக் கேட்டாகளா?"

"கேட்டாங்க. நேரத்துக்கு வேலைக்குப் போறீங்கன்னு சொல்லிட்டேன்க்கா."

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். வரப்பில் உட்கார்ந்து காலில் ஒட்டிய சேற்றை ஒரு குச்சியால் வழித்தார்.

"அன்னைக்கி சூப்பர்வைசரு ஒரேயடியா முடியாதுன்னு சொல்லல தம்பி. 'போஸ்டர் ஒட்டுனவுக வந்து சொல்லட்டும், ஒன்னயவே வச்சுக்கிறேன்'னாரு. நீதேன் வாரேன்னு சொல்லியிருந்தில்ல. ஆஸ்பத்திரி கேட்டுக்குப் பக்கத்துலயே நின்டேன். பத்து மணிக்கு மேல அவரே வெளிய வந்து பாத்துட்டு, புது ஆள உள்ள கூப்புட்டுக்கிட்டாரு."

"ஒரு போன் போட்டிருக்கலாமேக்கா."

"போட்டேன். ரெண்டு தடவ கட் ஆயிருச்சு. பெரிய ஆளுகளோட பேசிக்கிட்டிருப்பன்னு விட்டுட்டேன்."

டிப்போவில் கேமரா முன்னால் நின்றபோது சட்டைப்பையில் போன் அதிர்ந்ததும், யாரென்று பார்க்காமல் நான் அழுத்திவிட்டதும் அப்போதுதான் ஞாபகம் வந்தது.

இன்னொரு ஜிலேபியை நீட்டினேன். பொழுது போகுது, களையில எம் பங்கு நெரைய முடிக்கணும் என்று சொல்லிவிட்டு வயலில் இறங்கிவிட்டார். நான் ரோட்டுக்கு வந்தேன். மதுரை வண்டி வந்தது. நான் கையைக்கூடத் தூக்கவில்லை, அதுவாகவே நின்றது. "ஏறுங்க சார், ஏறுங்க" என்றார் கண்டக்டர். ஏறினேன். வயலில் அக்கா நிமிர்ந்து, பஸ் நிற்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மறுபடி குனிந்துகொண்டார்.